மதி என்று ஒரு பதில்

அனு: மதினி, அந்த போன இங்கன குடுங்க. டாக்டர் திட்டுவாவ.

வேல்விழி: திட்டியாச்சுட்டி. பிரஷர் கூடியிருக்காம், கொஞ்ச நேரம் உக்காரச் சொல்லிட்டாவ... ஒன் மூஞ்சி ஏன் வெளுத்துக் கெடக்கு?

அனு: வெயிலு. தேரடியிலருந்து நடந்துல்லா வந்தோம்.

வேல்விழி: எட்டு மாசக்காரி நானே நடந்தேன். ஒனக்கென்ன?

அனு: சரி சரி... தண்ணி குடிங்க.

வேல்விழி: ஒங்க அண்ணனுக்கு அடிச்சியா?

அனு: சுவிட்ச் ஆஃப்.

வேல்விழி: முந்தாநாள்லருந்து இதத்தான சொல்லுத. மலேசியாவுல ஒரே மழைன்னாவ. கட்டடத்துச் சாரத்துல ஏறி நிக்கிற வேலை...

அனு: மதினி!

வேல்விழி: சரி, பேசல. அவிய ரூம்ல இருக்க இந்தோனேசியாக்காரரு பதில் போட்டாரா?

அனு: இல்லையே.

வேல்விழி: பொய் சொல்லாத. காலைல நீ குளிக்கப் போனப்ப ஒன் போன்ல பாத்தேன். 'உச்சிமாகாளி போன்?'னு கேட்டிருக்க. அவரு இங்கிலீஷ் எழுத்துல 'மதி'ன்னு போட்டிருக்காரு.

அனு: ...பாத்தீங்களா?

வேல்விழி: பிள்ளைக்கு நாங்க யோசிச்சு வச்ச பேருட்டி அது! ரூம்ல சொல்லியிருப்பாவ போல. மதின்னா நிலா, அறிவுன்னும் சொல்லலாம்... என்ன?

அனு: ம்... அறிவுங்கிற மதி வடமொழியிலருந்து வந்தது.

வேல்விழி: எங்கருந்து வந்தா என்ன... எல்லா பாஷையிலயும் நல்ல வார்த்தையாத்தான இருக்கும்?

அனு: தண்ணிய மொதல்ல குடிச்சு முடிங்க.

வேல்விழி: ஏட்டி, கேக்கேம்லா?

அனு: இருக்கும் மதினி. இருக்கும்.

வேல்விழி: அவருக்கே அடிச்சுப் பாரேன்.

அனு: அடிச்சேன், பல தடவ. எடுக்கல.

வேல்விழி: இரு... என் போன் அடிக்கு. ஏதோ வெளிநாட்டு நம்பர்.

அனு: குடுங்க, நான் பேசுதேன். குடுங்க மதினி!

வேல்விழி: விடுட்டி கைய... ஹலோ?

உச்சிமாகாளி: ஏட்டி விழி, நாந்தான். ரூம்காரரு போன்லருந்து பேசுதேன்.

வேல்விழி: அனு, ஒங்க அண்ணன்ட்டி! ஸ்பீக்கர்ல போடுதேன்.

உச்சிமாகாளி: கேக்குதா? மேஸ்திரி வேற சைட்டுக்கு கூட்டிட்டுப் போயிட்டான். என் போன் மழைத் தண்ணியில விழுந்து செத்துப்போச்சு. இப்பத்தான் ரூமுக்கு வந்தேன்... ஏட்டி, பேசு!

அனு: அண்ணே! அவரு 'மதி'ன்னு போட்டாரே, எதுக்குண்ணே?

உச்சிமாகாளி: அனுவா? போனத்தான் சொல்லியிருக்காரு. இவங்க பாஷையில லைட்டு அணைஞ்சாலும் மதிதான், போன் அணைஞ்சாலும் மதிதான்... ஏன் அழுத? சிக்னல் போவுது, வெளிய வந்து கூப்புடுதேன்.

வேல்விழி: வச்சிட்டாவ.

அனு: என்னய மன்னிச்சிருங்க மதினி. அந்தப் பாஷையில ஆளு செத்தாலும் மதிதானாம். காலைலயே தெரியும். ஒங்களுக்கும் பிள்ளைக்கும் எதாச்சும் ஆயிருமோன்னு... எப்படிச் சொல்லுவேன்?

வேல்விழி: காலைல ஒன் போன்ல நீ அர்த்தம் தேடுன பக்கமும் தெறந்துதான்ட்டி கெடந்துச்சு, நானும் பாத்தேன். வாய்விட்டுச் சொன்னா நெசமாயிருமோன்னுதான்... பிள்ள பேரு, பிள்ள பேருன்னு பேசிக்கிட்டே இருந்தேன்.