லியோன் வீட்டு மஞ்சள் அலரி

கோழி வளர்ப்பவர்கள் விடியும் முன்பே எழுந்துவிடுவார்கள், ஐயா. அதனால்தான் உங்கள் ஆட்கள் வந்தபோது நான் முகம் கழுவி, சேலை மாற்றி, புறப்பட ஆயத்தமாக இருந்தேன். ஓடி ஒளிய நான் ஒரு பிழையும் செய்யவில்லை.

என் புருசன் கடலோடு போனபின் எனக்கென்று இருந்தவை அந்தக் கோழிகள்தாம். ஊர்காவற்றுறைச் சந்தையில் முட்டை விற்றுத்தான் சீவித்தேன். பக்கத்து வளவில் லியோனும் அவர் மனைவி கிறேசும் இருந்தார்கள். மலாயாவில் ரெயில்வே உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு வந்தவர் அவர். வந்ததும் என் வேலியோரம் முழுக்க மஞ்சள் அலரி நட்டார். பூவும் காயும் என் பக்கம் விழுந்தன. என் கோழிகள் அங்கேதான் கிளறும்.

மாசி மாதம் ஒரு பேட்டுக்கோழி செத்தது. கழுத்து ஒரு பக்கம் திருகி, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி விழுந்தது. பிறகு மற்றவை. கடைசியாக மிஞ்சிய சேவலை மடியில் வைத்திருந்தேன். அதன் கண் மூடியதும் வேலியடிக்குப் போய் லியோனைக் கூப்பிட்டேன்.

“உங்கட அலரியாலதான் அண்ணை என்ர கோழியள் செத்தது. வெட்டி விடுங்கோ.”

“விசர்க்கதை கதையாதையும், மரியநாயகி. அது பூமரம். ஒண்டும் செய்யாது. கோழிக்கு ஏதோ வருத்தம்.”

ஊர்த் தலைமைக்காரர் விதானையாரிடம் முறையிட்டேன். அவர் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

“அலரிதான் எண்டு எப்பிடிச் சொல்லுவீர்? அத்தாட்சி வேணும்.”

நியாயமான கேள்வி. நான் அத்தாட்சி தேடினேன்.

காய்களைப் பொறுக்கினேன். எல்லாம் என் வளவில் விழுந்தவை. அவருடைய பக்கத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அரைத்து, பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழில் கலந்து, உறைப்பைக் கூட்டி, மத்தியானம் பானையோடு போனேன். இனிமேல் கோபம் வேண்டாம் என்றேன். கிறேஸ் சந்தோசப்பட்டாள். நல்லவள். என் கோழிகளுக்குக் குறுணல் கொண்டுவந்து போடுவாள். அவள்தான் முதலில் சிரட்டையை நீட்டினாள். நான் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் அவர் குடித்திருக்கமாட்டார்.

பொழுதுபடும்வரை அங்கேயே இருந்தேன். பாயில் சுருண்டு கிடந்த கிறேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பங்குச் சுவாமியைக் கூட்டிக்கொண்டு வாரும், அக்கா.”

நான் போகவில்லை. அத்தாட்சி என்றால் கடைசிவரை பார்த்த ஆள் ஒருவராவது வேண்டும் அல்லவா? லியோனிடம் மட்டும் குனிந்து கேட்டேன்.

“இப்ப சொல்லுங்கோ, அண்ணை. ஒண்டும் செய்யாதோ?”

இரண்டு பேரின் கண்ணும் மூடியபின் பானையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஓம், கொடுத்தது நான்தான். இரண்டு பேருக்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள். அலரிக்கு நஞ்சு உண்டு என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நேற்று விதானையார் வந்து கம்பிக்கு வெளியே நின்றார். என் முகத்தைப் பார்க்க அவருக்கு ஏலவில்லை. பக்கத்து ஊர்களான சரவணையிலும் நாரந்தனையிலும் வீட்டுக்கு வீடு கோழிகள் அதேபோலக் கழுத்துத் திருகிச் சாகின்றனவாம். ஏதோ கொள்ளை நோயாம். தான் போய்ப் பார்த்ததாகவும், அங்கே ஒரு வளவிலும் அலரி இல்லை என்றும் சொன்னார்.

அவர் சரியாகத் தேடவில்லை, ஐயா.