டெர்பியில் வாசித்தவன்

— கதவைச் சாத்து, நெவில். சாத்திட்டு அந்தப் பெட்டி மேல உட்காரு. இப்பச் சொல்லு, நேத்து டெர்பி கச்சேரியில என் பாட்டை வாசிச்சது யாரு?

— நீதான் வாசிச்சே, நார்மன். வேற யாரு வாசிப்பா? டீ ஆறுது பாரு.

— டீ கிடக்கட்டும். நடுவுல எல்லாரும் அடங்கி நான் மட்டும் தனியா வாசிக்கிற இடம் இருக்கில்ல? நேத்து அந்த இடம் வந்ததும் சுண்டு விரலால கிடாரோட சத்தக் குமிழைத் திருகி மூடிட்டேன். முழுசா. கையை மட்டும் கம்பி மேல சும்மா ஓட விட்டேன். என் கிடார் ஊமை. ஆனா அரங்கம் பூரா கிடார் கேக்குது.

— எதிரொலியா இருக்கும்ப்பா. அது பழைய கட்டடம்.

— எதிரொலி நான் வாசிக்காததையும் வாசிக்குமா? முன்வரிசையில ஒரு வழுக்கைத் தலைக்காரன் அழுதுட்டிருந்தான்யா. என்னைப் பார்த்து அழுதான். நான் பாட்டுக்கு மரத்தைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கறேன்.

— நீ எப்பவுமே இப்படித்தான். அந்தக் காலத்துல உன் பூட்ஸைக் காலின் திருடிட்டான்னு அவன்கூட எத்தனை ஊரு பேசாம இருந்தே? கடைசியில பூட்ஸ் உங்கம்மா வீட்டுக் கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு.

— பேச்சை மாத்தாதே. நல்லவேளை, காலின் பேரை நீயே எடுத்தே. கொஞ்ச நாளா அவன் என்கிட்ட ரொம்பப் பதவிசா நடந்துக்கறான். பாதி சாண்ட்விச்சைப் பிச்சுத் தர்றான். அவன் பாட, நான் வாசிக்கன்னு இத்தனை வருஷம் ஒரே பஸ்ஸுல வந்திருக்கோம். அவன் எனக்கு ஒரு உருளைக்கிழங்கு வறுவல்கூட நீட்டினதில்லை.

— வயசாச்சு. மனசு இளகியிருக்கும்.

— ட்ரெவருக்கும் இளகிடுச்சா? டிரம்ஸ்ல உட்கார்ந்தா அவன் பார்க்கிறது என் இடது தோளைத்தான். நான் தோளை இறக்கினா அவன் அடிப்பான். எங்க ரெண்டு பேருக்கும் அதுதான் தாளம். இப்பக் காதுல எதையோ மாட்டிக்கிட்டு, கூரையைப் பார்த்துக்கிட்டு அடிக்கறான். என்னடா அதுன்னு கேட்டா, டாக்டர் மாட்டச் சொன்னாருங்கறான்.

— அவனுக்குக் காது மந்தம்தானே.

— மந்தமானவன் என் தோளை இன்னும் நல்லாப் பார்க்கணும்ல?

— சரி, நார்மன். சொல்லிடறேன், திட்டாதே. கம்பியை மாத்தினது நான்தான். கிளாஸ்கோ கச்சேரிக்கு முன்னாடியே மெல்லிசுக் கம்பி போட்டுட்டேன். சுருதியையும் அரைச் சுரம் கீழ இறக்கிட்டேன். உன் விரலுக்குக் கொஞ்சம் லேசா இருக்கட்டுமேன்னு.

— அது எனக்கு கிளாஸ்கோவுலயே தெரியும்.

— தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லலியே.

— நல்லாத்தான் இருந்துச்சு, வாயை மூடிக்கிட்டேன். நீ பலே ஆளுய்யா. சின்னத் திருட்டை ஒத்துக்கிட்டுப் பெரிய திருட்டை மறைக்கப் பார்க்கறே.

— இன்னிக்கு உன் மோதிர விரல் எப்படியிருக்கு?

— அது எதுக்கு உனக்கு?

— கையை அந்த மேஜை மேல வை. உள்ளங்கை படற மாதிரி, தட்டையா.

— மாட்டேன்.

— வைக்க முடியாது உன்னால. விரல் உள்ளேயே மடங்கிக்கிட்டு வருது. டாக்டர் அறுத்துச் சரி பண்ணலாம்னு சொன்னாரு. இந்தச் சுற்றுப்பயணம் முடியட்டும்னு நீ சொல்லிட்டு வந்துட்டே. மார்ஜரி போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டா.

— என் பொண்டாட்டி யாருக்குத்தான் சொல்லல. அப்பக் காலினுக்கும் தெரியும். அதான் சாண்ட்விச்சு.

— உன் மேல அக்கறையாலதான்ப்பா எல்லாரும்.

— அக்கறையா? கூட்டிக் கழிச்சா எனக்கு வேற மாதிரி வருது. என் விரல் போச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது. உடனே திரைக்குப் பின்னாடி எவனையோ கொண்டாந்து உட்கார வெச்சுட்டீங்க. யாரு அவன்? நீயா?

— நானா? உனக்குக் கம்பி மாத்தியும் சுருதி சேர்த்துமே எனக்குத் தலை நரைச்சுப் போச்சு. நான் வாசிச்சா எங்க வீட்டுப் பூனை எழுந்து வெளிய போயிடும்.

— அப்பக் காலினோட மருமகன். அந்த ஸ்காட். கல்யாண வீடுகள்ல வாசிக்கிறவன்தானே அவன்? நம்ம பஸ்ஸுல எதுக்கு வர்றான்?

— வாசல்ல நம்ம படம் போட்ட பனியன் விக்க.

— பனியன் விக்கிறவனுக்கு விரல் நுனியெல்லாம் ஏன் காய்ச்சுப் போயிருக்கு? நான் கை குலுக்கும்போதே பார்த்துட்டேன்.

— நார்மன், ஸ்காட் இல்லை. அவன் பாவம், நீ கண்டபடி பேசாதே.

— ஸ்காட் இல்லைன்னா வேற எவனோ இருக்கான். இப்ப நீயே சொல்லிட்டே பாரு.

— நான் ஒண்ணும் சொல்லல. நாட்டிங்கம்ல நீ எங்கெங்க தடுக்கினேன்னு எனக்குத் தெரியும். ஜனங்களுக்குத் தெரியல. அந்த மட்டுக்கும் நல்லதுதானேன்னு...

— ஓஹோ. நாட்டிங்கம்லயும் அவன்தானா?

— சே. என் வாயைக் கட்டணும்.

— எனக்குக் காது இருக்குய்யா. விரல்தான் மடங்கிப் போச்சு, காது மடங்கல. நேத்து என் கிடாரை ஊமையாக்கிட்டு அவன் வாசிச்சதை முழுசாக் கேட்டேன். என் பாட்டை நான் சும்மா நின்னு கேட்டதே அதுதான் முதல் தடவை. அவன் சின்னப் பையன். அது நிச்சயம்.

— எப்படிச் சொல்றே?

— விரல் பறக்குது, ஒத்துக்கறேன். ஆனா என்ன ஒரு அவசரம்! ஒரு சுரத்தை இழுத்தா அது அழறவரைக்கும் நிக்கணும். இவன் அதுக்குள்ள அடுத்ததுக்கு ஓடிடறான். எவளோ ஒருத்தி கூட்டத்துல நிக்கறா, அவ திரும்பிப் பார்க்கறதுக்குள்ள எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டிடணும்ங்கிற மாதிரி.

— நின்னிருப்பா.

— என்னது?

— ஒண்ணுமில்லை. மேல சொல்லு.

— என்னை மாதிரியே வாசிக்கப் பார்க்கறான். நான் படாத பாடுபட்டு விட்ட தப்பையெல்லாம்கூடக் கத்து வெச்சிருக்கான். இவனுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? நீயா உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்தே?

— அவனுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்க முடியாது. விடு. ஜனங்க எழுந்து நின்னு கைதட்டறாங்க. நீ நிக்கறே, வெளிச்சம் உன் மேல விழுது. இன்னும் கொஞ்ச ஊருதானே? முடிச்சுட்டு விரலை அறுத்துக்கலாம்.

— இன்னிக்கு எந்த ஊரு, நெவில்?

— பிராட்ஃபோர்டு.

— என் ஊரு. எங்கப்பா கம்பளி மில்லுல நின்னு செத்த ஊரு. மேல பால்கனியில என் தங்கச்சி ஹில்டா உட்காரப்போறா. யாருமே என்னைச் சீண்டாத காலத்துல சுற்றுலாக் கப்பல்ல வாசிச்சேன், ஞாபகமிருக்கா? கிழவிங்க எதிர்ல உட்கார்ந்து சீட்டாடிட்டிருப்பாங்க. எவளும் தலை நிமிர மாட்டா. ஆனா அன்னிக்கும் என் கைதான் வாசிச்சுது. அதைத் தவிர எனக்குன்னு என்ன இருக்கு? ஹில்டா முன்னாடி நான் சாவி கொடுத்த பொம்மை மாதிரி நிக்கவா?

— வாசிச்சா அந்த மேல் சுரம் வர்ற இடத்துக்கு விரல் எட்டாதேப்பா. தடுக்கிடுவே.

— தடுக்கட்டும். மூணு சுரம்தான் வரும்னா மூணை வாசிக்கறேன். மெதுவா வாசிக்கறேன். கேக்கப் பிடிக்காதவன் எழுந்து போய் பீர் குடிக்கட்டும். அவன் இருந்தா நான் மேடை ஏறல. இப்பவே பஸ் பிடிச்சு மார்ஜரிகிட்ட போயிடறேன்.

— காலின் கத்துவான்.

— கத்தறதுதானே அவன் தொழிலு.

— பிடிவாதக்காரன்யா நீ. சரி. ஒலி மேஜையிலிருந்து அந்த இணைப்பை நானே பிடுங்கிடறேன். காலினுக்கும் ட்ரெவருக்கும் நானே சொல்லிக்கறேன். இன்னிக்கு நீ வாசிக்கறதுதான் கேக்கும். தப்பா வாசிச்சா தப்புதான் கேக்கும். போதுமா?

— சத்தியமா?

— சத்தியமா.

— அப்பக் கிடாரை எடு. இரு, இரு. இன்னொண்ணு. அந்தப் பையனை இங்க கூட்டிட்டு வா.

— எதுக்கு? அடிக்கப்போறியா?

— இந்தக் கையை வெச்சுக்கிட்டு எங்க அடிக்க? திட்டக்கூட மாட்டேன். உனக்கு நல்ல கைடா, ஆனா கொஞ்சம் நின்னு வாசி, சுரம் எங்கயும் ஓடிப் போயிடாதுன்னு சொல்லணும். அவ்வளவுதான். அந்த வயசுல என்கிட்ட அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

— இருந்தான், நார்மன்.

— யாரு?

— நான்தான். எழுபத்தாறாம் வருஷம், ஷெஃபீல்டு கச்சேரியில, மேடை ஓரத்துல நின்னு தொண்டை கிழியக் கத்தினேன், நின்னு வாசிடான்னு. நீ காதுலயே வாங்கல. அன்னிக்குப் பதிவு பண்ணின டேப்பு காலின் வீட்டுக் கராஜ்ல கிடைச்சுது. அதுலேர்ந்து உன் கிடாரை மட்டும் தனியா எடுத்து, ட்ரெவர் காதுலயும் கேக்க வெச்சுத்தான் நேத்து டெர்பியில ஓட விட்டோம்.