இத்தாலிப் பாட்டுக்கு இரண்டாவது குரல்

எனக்குப் பீடி, சிகரெட், சீட்டாட்டம் எதுவும் கிடையாது ஐயா. சாயங்காலம் ஒரு டம்ளர் மிளகுப்பால் குடிப்பேன், அதுவும் தொண்டைக்காக. உங்கள் ஏட்டையா அன்பாக டீ வாங்கிக் கொடுத்தார், வேண்டாம் என்றுவிட்டேன். டீ எனக்குக் குரலை வறட்டிவிடும். தவறாக நினைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

நானாக ஸ்டேஷனுக்கு நடந்து வந்தவன். யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. அதனால் முதலிலிருந்து நிதானமாகச் சொல்கிறேன். பாட்டை விட்டுவிட்டுக் காரியத்தை மட்டும் சொன்னால் உங்களுக்கு எதுவும் பிடிபடாது.

என் பெயர் பாஸ்கரன். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் பிரஸ் ஷாப்புக்கு இத்தாலியிலிருந்து ஒரு பெரிய பவர் பிரஸ் வந்தது. அதைப் பூட்டி ஓட்டிக்காட்ட அந்த நாட்டு இன்ஜினியர் ஒருவரும் வந்தார். வேலை செய்யும்போதெல்லாம் பாடுவார். வாய்க்குள் முனகுகிற பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, தகரக் கூரை அதிரப் பாடுவார். கேட்டதற்கு ஆபரா என்றார். நாடகம்தான், ஆனால் பேச்சே கிடையாதாம். கோபம் வந்தாலும் பாட்டு, கடன்காரன் வந்தாலும் பாட்டு, கத்திக்குத்து வாங்கினவனும் ஒரு பாட்டு முழுதாகப் பாடிவிட்டுத்தான் சாவானாம். நம் பக்கத்துக் கூத்திலாவது கட்டியங்காரன் நடுவில் வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவான். இவர்கள் அதற்கும் இடம் கொடுப்பதில்லை.

அவர் தங்கியிருந்த வீட்டில் ஹீட்டர் ரிப்பேரானபோது சரிசெய்து கொடுத்தவன் நான். அந்த நன்றிக்கு, ஊருக்குக் கிளம்பும்போது தன் கேசட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் டேப்பில் போட்டுக் கேட்டேன். அடிவயிற்றில் யாரோ கிச்சுக்கிச்சு மூட்டியது போல இருந்தது ஐயா. சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, எதற்கு எது என்று தெரியவில்லை. சமையல்கட்டிலிருந்து என் மனைவி முனிலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க அது, யாருக்காச்சும் பல்லு புடுங்கறாங்களா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு நானும் பாட ஆரம்பித்தேன். பல் தேய்க்கும்போது, சைக்கிள் மிதிக்கும்போது, ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது. குழம்பில் உப்புக் குறைந்தால் அதையும் முனிலட்சுமியிடம் ஆபராவாகத்தான் சொல்வேன். மேலே ஏறி, கொஞ்சம் நின்று, மெதுவாக இறங்கி, 'உப்பு' என்கிற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது தெரியுமா. அவள் உப்பு ஜாடியைத் தூக்கி என் முன்னால் வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வாள். எதிர்வீட்டுக்காரர் தெலுங்கர், நான் பாடுவது கன்னடம் என்று சொல்லிவந்தார். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் அது மலையாளம் என்றார். ஓசூரில் யாருக்கும் புரியாத பாஷை ஒன்றைப் பாடியவன் நான் ஒருவன்தான். கால் தரையில் பாவாத நாட்கள் அவை.

ஒரே ஒரு குறை இருந்தது. அந்தக் கேசட்டுகளில் மிகச் சிறந்தது ஓர் இரட்டைப் பாட்டு. ஒருவன் அடிக்குரலில் கேட்க, மற்றவன் மேல்குரலில் பதில் சொல்வான், கடைசியில் இரண்டும் சேர்ந்து ஏறும். எனக்கு வாய்த்தது அடிக்குரல். மேல்குரல் இல்லாமல் அதைப் பாடுவது, ஒற்றைச் செருப்போடு கடைத்தெருவுக்குப் போவது மாதிரி.

ஒரு நாள் பிரஸ் ஷாப்பில் பேனல் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஒயர்களைப் பார்த்தபடி அடிக்குரலைப் பாடிக்கொண்டிருந்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். பதில் வந்தது. அச்சு அசல் மேல்குரல், ஒரு சுரம் பிசகாமல். தலையை வெளியே இழுத்த வேகத்தில் பெட்டிக் கதவில் இடித்துக்கொண்டேன். அந்த பிரஸ்ஸை ஓட்டுகிற லால் பாஷா, தகட்டை வைத்தபடியே பாடிக்கொண்டிருந்தான்.

"தெனமும் பாடறீங்களேண்ணா, காதுல வுழுந்து வுழுந்து ஒட்டிக்கிச்சு" என்றான்.

சின்ன வயதில் ஜூஜுவாடி செக்போஸ்டில் லாரிக்காரர்களுக்கு வெள்ளரிக்காய் விற்றவன். ஓடுகிற லாரியின் சத்தத்துக்கு மேலே ஏறிக் கூவிப் பழகிய குரல், தேங்காய்த் தண்ணீர் மாதிரி சுத்தமாக இருக்கும். பாகலூரில் வீடு, ஜெய்னப் என்று மனைவி, கைக்குழந்தை ஒன்று. இந்த விவரமெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் தெரிந்தது குரல்.

அதன் பிறகு நாங்கள் பாடாத நாள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் நின்று பாடினோம், எருமைகள் தலையைத் தூக்கிப் பார்க்கும். பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியாது. வாய்க்கால் தகராறு என்று நான் சொன்னேன். மாட்டிக்கொண்ட லாரியை இரண்டு பேர் தள்ளுகிறார்கள் என்று அவன் சொன்னான். அவன் சொன்னதை நினைத்துக்கொண்டு பாடினால் உச்சியில் நன்றாகவே ஏறியது, அதையே வைத்துக்கொண்டோம். ஆயுதபூஜை அன்று கம்பெனியில் எல்லோர் முன்னாலும் பாடினோம். முதலில் சிரித்தார்கள். இரண்டு குரலும் சேர்ந்த இடத்தில் சிரிப்பு நின்றது. முடிந்ததும் விசில் அடித்து மறுபடி பாடச் சொன்னார்கள். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இதை முனிலட்சுமியிடமே சொல்லியிருக்கிறேன்.

தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் பாஷா சிரித்துக்கொண்டே வந்தான்.

"மச்சான் ரியாத்துல இருந்து விசா அனுப்பிட்டாருண்ணா. பிரஸ் வேலைதான். மெட்ராஸ் போயி மெடிக்கல் முடிச்சா ஆச்சு."

"அங்க போயி யாருகூடப் பாடுவே பாஷா?"

"பாட்டாண்ணா?" என்று கேட்டு இன்னும் பெரிதாகச் சிரித்தான். "பாப்பாவுக்கு ஒரு வூடு கட்டணும்ண்ணா."

அவன் போவது எனக்கு வருத்தம்தான். ஆனால் 'பாட்டாண்ணா' என்று அவன் கேட்டதுதான் உள்ளே போய்த் தைத்தது. தன்னிடம் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. தெரியாதவனுக்குத் தெரிந்தவன்தானே பார்த்துச் செய்ய வேண்டும். வேறு ஆள் கிடைக்குமா என்றும் தேடிப் பார்த்தேன். நான் நியாயமில்லாதவன் இல்லை. கேன்டீனில் ஒருவரைப் பாடவைத்தேன், பேரிகை கிராமத்தில் பஜனை பாடுகிற ஒருவரைப் போய்ப் பார்த்தேன். யாருக்கும் அந்த உச்சி எட்டவில்லை.

இப்போது அந்த பிரஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் இரண்டையும் ஒன்றாக அமுக்கினால்தான் மேல் டை, அதாவது தகட்டை அடிக்கிற இரும்பு அச்சு, இறங்கும். கை உள்ளே இருக்கக்கூடாது என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. அந்த நம்பிக்கையில் பாஷாவுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. இடது கை டைக்குள் போய் அடித்த தகட்டை எடுக்கும்போது, வலது கை சும்மா இருக்காது. வலது பட்டன் மேலே தாளம் தட்டும். ஒற்றைப் பட்டனை எவ்வளவு தட்டினாலும் பிரஸ் அசையாது. அவன் வேண்டுமென்று தட்டுவதில்லை. பாடும்போது மட்டும்தான் தட்டுவான். நான் அடிக்குரலைத் தொடங்கினால் போதும்.

ஒரு நாள் காலையில் ஷிப்டு தொடங்கும் முன்பு பேனலைத் திறந்து, இடது பட்டனுக்கு ஒரு ஜம்பர் ஒயர் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால், இடது பட்டனை யாரோ எப்போதும் அமுக்கிக்கொண்டிருப்பதாக பிரஸ் நினைத்துக்கொள்ளும். வலதைத் தட்டினாலே டை இறங்கிவிடும். வழக்கம்போல இரண்டு கையாலும் அமுக்குகிறவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

அவசரப்படவில்லை. தொண்டை பதமாகட்டும் என்று டீ நேரம் முடியும்வரை காத்திருந்தேன். பிறகு பேனல் பக்கத்தில் நின்று அடிக்குரலை எடுத்தேன். அன்று என் குரல் மிக நன்றாக இருந்தது. பாஷா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். பதில் பாடினான். நான் கேட்டதிலேயே அதுதான் சிறந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தகட்டை எடுக்க இடது கை உள்ளே போனது, வலது கை தாளத்தைத் தட்டியது.

ஓடிப்போய் மெயினை அணைத்தது நான்தான். அதற்காக எல்லோரும் பாராட்டினார்கள். அணைத்த கையோடு ஒயரையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு விரல் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு விரல் குறைந்தாலே மெடிக்கலில் தள்ளிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மணிக்கட்டுவரை போய்விட்டது. பிரஸ்ஸுக்கு அந்த அளவெல்லாம் தெரியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், நான் கண்ணை மூடிக்கொண்டு செய்தவன் இல்லை. கால் என்றால் நின்று பாட முடியாது. நெஞ்சில் பட்டால் மூச்சுக்கு ஆபத்து. கைக்கும் தொண்டைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எல்லாவற்றையும் பார்த்துத்தான் கை என்று முடிவு செய்தேன்.

விசாரணைக்கு வந்தவர்கள் பிரஸ்ஸைச் சோதித்தார்கள். இரண்டு பட்டனையும் அமுக்கினால்தான் ஓடியது. அதனால் பாட்டு மயக்கத்தில் அவன் முழங்கைதான் இடது பட்டனில் பட்டிருக்க வேண்டும், ஆபரேட்டரின் அஜாக்கிரதை என்று எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இருக்கவில்லை. விசா போயிற்று, பாஷா பாகலூரிலேயே இருப்பான், புண் ஆறினால் பாடலாம். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே டேப்பை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

ஜெய்னப் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, கோவிச்சிக்காதீங்க. அந்தப் பொட்டிய எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. இனிமே வாயத் தொறந்து பாட மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டாரு."

உள்ளேயிருந்து பாஷாவின் குரல் வந்தது. பேச்சுக்குரல்தான்.

"யார் மேலயும் தப்பு இல்லண்ணா. பாட்டுதான் என் கையத் தின்னுடுச்சு."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை ஐயா. எத்தனையோ முறை போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். குழந்தை அழுதால் தாலாட்டுக்கூடப் பாடுவதில்லை என்று ஜெய்னப் சொன்னாள். அந்தத் தொண்டை வீணாகிக்கொண்டிருக்கிறது. போன வாரம் பாகலூர் ரோட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு, புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். ஒரு பாவமும் அறியாத பாட்டின் மேல் இப்படி ஒரு பழி விழுந்துவிட்டதே என்று.

அந்தப் பழியை நீக்கத்தான் வந்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு எதையும் தின்னவில்லை. பாஷாவின் முழங்கை எங்கும் படவில்லை. பேனலைத் திறந்தவன் நான், ஒயர் கொடுத்தவன் நான், அவன் கை உள்ளே போகும் நேரம் பார்த்துப் பாட்டை எடுத்தவனும் நான். அந்த ஒயர் இதோ, மேஜை மேல் வைக்கிறேன்.

தயவுசெய்து இன்றைக்கே பாகலூருக்கு ஆள் அனுப்பி இதை அவனிடம் சொல்லிவிடுங்கள். பாட்டால் இல்லை, பாஸ்கரண்ணனால்தான் என்று தெரிந்தால் அவன் மனபாரம் இறங்கிவிடும், சத்தியமும் தானாக விலகிவிடும். என்னைச் சேலம் ஜெயிலில் வைத்தாலும் பார்க்க வராமல் இருக்கமாட்டான். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், பாட்டுக்கு அது போதும். இவ்வளவு நாள் பாடாதவன், முதல் தடவை சுருதி கொஞ்சம் விலகத்தான் செய்யும். அதற்காக நான் அவனைக் கோபித்துக்கொள்ள மாட்டேன்.