தோகைப் பாவாடை

கம்பு புடைப்பதில் இந்த ஊரில் என்னைக் குறை சொல்ல ஆள் இல்லை, பஞ்சாயத்துப் பெரியவர்களே. நான் புடைத்தால் ஒரு கல் தங்காது. அந்தக் கம்பைத்தான் என் வீட்டுக்காரர் தினமும் காலையில் கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு மாடிக்குப் போவார். அவர் பெயரை நான் சொல்லக் கூடாது. அதோ, சிவப்புத் தலைப்பாகையோடு மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாரே, அவர்தான்.

மாடிக்கு ஓர் ஆண் மயில் வரும். "வாடா ராஜா! என்ன கழுத்து, என்ன நீலம்! கண்ணன் தலையில வெச்சுக்கிட்டது சும்மாவா?" என்பார். கட்டிக்கொண்டு வந்த நாளாய் என்னிடம் "ரொட்டி கருகிடுச்சு" என்பதைத் தாண்டி அவர் எதையும் வர்ணித்ததில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. பறவையோடு யாராவது போட்டி போடுவார்களா?

ஒரு நாள் கேட்டேன், அவ்வளவுதான்.

"புதுப் பாவாடை கட்டியிருக்கேனே, பாத்தீங்களா?"

"மயில் ஆடும்போது தன் காலப் பாத்துட்டா அழுமாம்டி. நீ என்னிக்காவது உன் காலப் பாத்திருக்கியா?"

பார்த்தேன். வெடிப்புதான். அவருடைய வயலில் நடந்த கால்.

நான் கோபப்படவில்லை. நிதானமாக யோசித்தேன். பெண்மயிலுக்குப் பழுப்புச் சிறகு. ஆணுக்கு மட்டும் கண் கண்ணாய் அத்தனை தோகை. பாவம், அதை இழுத்துக்கொண்டு முள்ளில் மாட்டுகிறது, மழையில் கனக்கிறது. பாரத்தை இறக்கிவிட்டால் புண்ணியம் என்று பட்டது.

தீஜ் பண்டிகை அன்று ஊர்ப் பெண்களெல்லாம் சிங்காரித்துக்கொண்டு ஊஞ்சலாடப் போனார்கள். இவர் சந்தைக்குப் போயிருந்தார். அவருடைய பழைய தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு கிண்ணத்தோடு மாடியேறினேன். மயில் நேராக என்னிடம் வந்தது. அதற்கு முகமெல்லாம் பொருட்டில்லை, தலைப்பாகைதான். அது கொத்தித் தின்றுகொண்டிருக்கையில், ஆட்டுக்கு மயிர் வெட்டும் கத்தரியால் நறுக்கினேன். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. முன்பைவிட உயரமாகவே பறந்தது.

வெட்டிய இறகை வீணாக்கலாமா? பாவாடையில் வரிசையாகத் தைத்துக் கட்டிக்கொண்டு மாடியில் நின்றேன். கொஞ்சம் ஆடவும் செய்தேன். "அண்ணி, அம்சமா இருக்கீங்க!" என்று ஊஞ்சலாடித் திரும்பிய பக்கத்து வீட்டு ரூப்பி கத்தினாள். இங்கேதான் இருக்கிறாள், கேளுங்கள்.

இவர் தெருவில் வந்து நின்றார். அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கீழ இறங்குடி," என்றார். "மயில் பயந்துடப் போகுது."

அப்புறம்தான் மதில்மேல் மொட்டையாய் நின்ற மயிலைக் கண்டார். நேற்று அவர் போட்ட ஓலத்தில்தானே இன்று நீங்களெல்லாம் கூடியிருக்கிறீர்கள்.

ஆம், வெட்டியது நான்தான். தண்டனையாக ஊர் மயில்களுக்கு ஒரு வருஷம் நான் இரை வைக்க வேண்டும் என்கிறீர்கள். வைக்கிறேன். இன்று காலை கிணற்றடியில் வேறொரு மயில் என்னை மறித்துத் தோகையை விரித்து ஆடியது. இவர் பார்த்துவிட்டார். முகம் கறுத்துப்போயிற்று. வயதான காலத்தில் ஒரு பறவைமேல் பொறாமைப்படுகிற மனிதரை என்ன சொல்ல?

தண்டனையை இப்போதே தொடங்கிவிடுகிறேன். சற்றுப் பொறுங்கள், தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு வருகிறேன்.