விளையாட்டுக் கணினிக்குச் சட்டை தைத்த சிங்காரனாருக்கு

தகட்டை மடக்கித் தகுதியை நிமிர்த்திய தகைமையாளரே! திருகு மரையின் திசையறிந்த திறமையாளரே! இருபது கேஜ் இரும்பை இதயத்தில் ஏந்திய இனியவரே! மரக்காணத்துக் கடலோரக் குடும்பத்தில் பிறந்தும், படகேறினால் குமட்டும் என்ற ஒரே காரணத்தால் திண்டிவனம் வந்து சேர்ந்தவரே! ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு முதல் இன்று வரை, இருபத்து நான்கு ஆண்டுகள், கெடிலம் ஸ்டெபிலைசர்ஸ் நிறுவனத்தின் பெட்டிப் பிரிவைக் கட்டிக் காத்து ஓய்வு பெறும் மேற்பார்வையாளர் சிங்காரனாரே! வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள், "போயி வேலையப் பாருங்கப்பா" என்று எழுந்து போய்விடுவீர்கள். தோளில் சால்வை இருக்கிறதே என்றுகூடப் பார்க்க மாட்டீர்கள். ஆகவே இம்மடலின் நடுவே தங்களை வேறு யாரோ ஒரு சிங்காரனார் போல் வைத்துச் சொல்கிறோம். தாங்களும் ஊரார் கதை கேட்பதுபோல் உட்கார்ந்து கேட்டருள வேண்டுகிறோம்.

அந்தச் சிங்காரனாருக்குப் பெட்டி என்றால் இரும்புப் பெட்டிதான். மற்றதெல்லாம் அட்டைப் பெட்டி. புதிதாக எந்தப் பெட்டி செய்தாலும் அதைத் தரையில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அதன்மேல் ஏறி நிற்பார். எண்பத்திரண்டு கிலோவையும் அது தாங்கினால் "அனுப்பு" என்பார். அமுங்கினால், செய்தவர் முகத்தைச் சும்மா பார்ப்பார். அந்தப் பார்வைக்கு வசவே மேல் என்பது பட்டவர்கள் வாக்கு. 'வாங்குகிறவர் வீட்டில் ஸ்டெபிலைசர் மேல் யார் ஏறப்போகிறார்கள்?' என்று கேட்கும் துணிச்சல், எங்களுள் திருகு பூட்டும் பவுலின் அம்மையாருக்கு மட்டுமே இருந்தது. "எலி ஏறும்" என்பதே அவருக்குக் கிடைத்த விடை.

இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டில் கெட்ட காலம் வந்தது. புது ஏ.சி.க்கள் ஸ்டெபிலைசர் கேட்பதை நிறுத்திவிட்டன. ஐப்பசி மழையில் ஒரு நாள் முதலாளி சீனுவாசன் பெட்டிப் பிரிவுக்கு வந்து, தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"பொங்கலோட இந்த செக்‌ஷன மூடிடலாம்னு இருக்கேன் சிங்காரம். பாண்டிச்சேரி பார்ட்டி ஒண்ணு புதுசா வருது. அது தேறுச்சுன்னா பாக்கலாம்."

பிரிவில் நாங்கள் பதினொரு பேர். அன்று பகல் சிங்காரனார் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. இன்னொரு வேலை தேடிக்கொள்ளும் வயதில் எங்களில் பாதிப்பேர் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

பாண்டிச்சேரியிலிருந்து வந்தவர் சங்கவி என்ற இளம் பொறியாளர். அவர் கொண்டுவந்தது கையடக்க விளையாட்டுக் கணினி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை, அதற்கொரு திரை, பொத்தான்கள், பேட்டரி. எல்லாம் இருந்தது, மேலே போர்த்த உறை மட்டும் இல்லை. இருநூறு உறைகள் வேண்டும்; எதில் செய்வது என்பதை நாமே தேர்ந்து, ஒரு மாதத்தில் மாதிரி காட்ட வேண்டும். இருநூறுக்காக எஃகு அச்சு செய்து பிளாஸ்டிக் வார்ப்பது மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கும் கதை என்று அவரே சொல்லிவிட்டார்.

சிங்காரனார் யோசிக்கவே இல்லை. நான்கே நாளில் இரும்பில் முடித்தார். காற்றுப் போகப் பக்கவாட்டில் வரிசையாகப் பிளவுகள், தூக்க மேலே கைப்பிடி, எர்த் ஒயர் மாட்டப் பின்னால் ஒரு போல்ட். போதாக்குறைக்கு, கம்பெனி வழக்கப்படி மண்டை ஓடு போட்ட சிவப்பு 'அபாயம்' ஸ்டிக்கர். எடை ஒன்றே முக்கால் கிலோ. ஏறி நின்றார், அசையவில்லை.

பவுலின் அம்மையார் அதைக் கையில் வாங்கினார். வாங்கிய வேகத்திலேயே கை கீழே போனது.

"ஏண்ணா, இத்த வச்சிக்கினு வெளையாடறதா, இல்ல தோத்தவன் மண்டையில போடறதா?"

சிங்காரனாருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் பதினொரு குடும்பம் என்ற எண்ணம் ரோஷத்தைவிடப் பெரிதாக இருந்தது. தேடத் தொடங்கினார்.

அக்ரிலிக் பளபளவென்று வந்தது. ஏறி நின்றார், நாலாய்ப் பிளந்து குதிகாலைப் பதம் பார்த்தது. தேக்கில் செய்தார்; தாங்கியது, ஆனால் பார்த்தவர்களெல்லாம் கடுகு எங்கே சீரகம் எங்கே என்று கேட்டார்கள். காய் நறுக்கும் வெள்ளைப் பலகை ஆறு வாங்கி வந்து அறுத்தார். அதில் பசையும் ஒட்டவில்லை, பெயின்ட்டும் ஒட்டவில்லை. கடைசியில் அலுமினியம். கனமில்லை, வளையவில்லை. உலோகம் உலோகம்தான் என்று அவர் முகம் மலர்ந்த நேரத்தில் கணினிக்கு வர வேண்டிய வை-ஃபை நின்றுபோனது.

மூடியைக் கழற்றினால் வந்தது. மூடினால் போனது. இருபது முறை மூடித் திறந்தார். மொட்டை மாடிக்குக் கொண்டுபோயும் பார்த்தார். அலுமினியத்தையே தாண்டாத அலை, அவருடைய இரும்பையா தாண்டப்போகிறது? நம்பியிருந்த ஆளே கதவைச் சாத்தியதுபோல் இருந்தது அவருக்கு.

அந்த ஞாயிறன்று மரக்காணத்தில் தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை கணவர் முருகையன் கரையில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா மச்சான், மூஞ்சி தொங்கிக்கினு இருக்குது?"

சிங்காரனார் அவர் பக்கத்தில் குந்தினார். கண்ணாடி இழைப் பாயை ரெசினில் நனைத்து முருகையன் ஒட்டுவதையே பார்த்தார். காய்ந்த துண்டு ஒன்றை எடுத்துக் கற்கள் இரண்டுக்கு நடுவே பாலமாக வைத்து ஏறினார். தாங்கியது. கடலுக்குள் போகாமலே கடலோரத்தில் அவருக்குக் கிடைத்த முதல் பிடிப்பு அதுதான்.

மரத்தில் அச்சு செதுக்கினார். அதன்மேல் முருகையன் இழையைப் படிய வைத்தார். கைக்கு அடக்கமாக உறை வந்தது. முருகையனிடம் இருந்தது படகு நீலம் மட்டுமே என்பதால் அதுவும் நீலமானது. வை-ஃபை தாராளமாக உள்ளே வந்தது. ஆனால் கால் மணி நேரத்தில் உள்ளே சூடு ஏறி ஆட்டம் உறைந்து நின்றது. உலோகம் அலையை விடவில்லை. ஃபைபர் சூட்டை விடவில்லை. மூன்று நாள் யோசித்து, ஃபைபர் உறையின் முதுகில் சிறு சதுரம் வெட்டி, சூடேறும் சில்லைத் தொட்டபடி ஓர் அலுமினியத் தகட்டைப் பதித்தார். சூடு வெளியே போனது. அலை உள்ளே வந்தது.

இத்தனைக்குப் பிறகும் அவருக்கு இரும்பைக் கைவிட மனம் வரவில்லை. மாதிரி காட்டும் நாளில் இரண்டையும் மேசையில் வைத்தார். இரும்பை முன்னால் வைத்தார். விவரம் தெரியாத முதலாளி அதையே பெருமையாகத் தூக்கிச் சங்கவியிடம் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கி, மண்டை ஓட்டைச் சற்று நேரம் பார்த்து, இயக்கினார். வை-ஃபை வரவில்லை.

"திண்டிவனத்துல சிக்னலே இப்பிடித்தாம்மா, பேஜாரு," என்றார் முதலாளி.

"என் போன்ல நல்லா வருதே சார்," என்று சொல்லிச் சங்கவி பையை எடுத்துத் தோளில் மாட்டினார். நாங்கள் பதினொரு பேரும் சுவரோரம் நின்றிருந்தோம்.

சிங்காரனார் எங்களைப் பார்த்தார். இருபத்தோர் ஆண்டு சொல்லி வந்த ஒன்றை எங்கள் எதிரிலேயே விழுங்க வேண்டியிருந்தது. ஆனாலும் சொன்னார்.

"சிக்னல் மேல தப்பில்ல மொதலாளி. எம்மேலதான் தப்பு. இதுக்கு இரும்பு ஆவாது."

நீல உறையை நகர்த்தி வைத்தார். சங்கவி உட்கார்ந்து அரைமணி நேரம் ஆடினார். உறையவில்லை, சுடவில்லை.

"கீழ விழுந்தா தாங்குங்களா?"

சிங்காரனார் செருப்பைக் கழற்றினார். திரையைவிட விளிம்பு உயர்ந்திருந்ததால் தைரியமாகக் கவிழ்த்துத் தரையில் வைத்து, சங்கவி அலறி முடிப்பதற்குள் ஏறி நின்றுவிட்டார். இறங்கி எடுத்துக் கொடுத்தபோது உள்ளே ஆட்டம் நடந்துகொண்டே இருந்தது. இருநூறும் நமக்கே வந்தன. அதைப் பார்த்து வேறு கம்பெனிகளும் ஃபைபர் உறை கேட்டு வந்தன. பொங்கலுக்குப் பிரிவு மூடப்படவில்லை.

ஐயா, அந்த ஊரார் கதை முடிந்தது. இனித் தங்களிடமே பேசுகிறோம். எத்தனையோ பேர் தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்று, கூட இருந்தவர்களையும் சேர்த்துக் கவிழ்த்திருக்கிறார்கள். தாங்கள் எங்களுக்காக நாலாவது காலை ஒப்புக்கொண்டீர்கள். இரும்பை வளைத்ததை விடத் தங்களை வளைத்தது பெரிது. அன்றே சொல்லியிருக்க வேண்டும். தங்கள் முகத்துக்குப் பயந்து இன்றுதான் சொல்கிறோம்.

முட்டி வலியும் மூச்சிரைப்பும் தங்கள் வீட்டுக்கு வழி தெரியாமல் அலையட்டும்! பேரப்பிள்ளைகள் வீட்டிலுள்ள பெட்டிகளைத் தங்கள் காலுக்கு எட்டாமல் ஒளித்து வைக்கட்டும்! பசித்த வேளைக்குச் சோறும், படுத்தவுடன் தூக்கமும், பல்லாண்டும் தங்களுக்கு வாய்க்கட்டும்!

நாளைக் காலை எட்டரைக்கு மணி அடிக்கும். பதினொரு பேரும் உள்ளே போவோம். போவதற்கு எங்களுக்கு ஓர் இடம் இருப்பது தங்களால்தான். அங்கே தாங்கள் மட்டும் இருக்க மாட்டீர்கள், ஐயா.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
பெட்டிப் பிரிவுப் பணியாளர்கள் பதினொருவர்,
கெடிலம் ஸ்டெபிலைசர்ஸ், திண்டிவனம்.
30.06.2017