ரசத்தில் இருபது சொட்டு

பெயர்: மாரிக்கனி. வயது: 54. க/பெ (லேட்) பால்ச்சாமி. நடுத்தெரு, செட்டியார்பட்டி. 6.3.2025 அன்று காலை தானாகவே காவல் நிலையத்தில் ஆஜராகிக் கூறியதாவது:

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்து வருகிறேன். என் கணவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து இறந்துவிட்டார். ஒரே மகன் விஜயபாண்டி, வயது 29, அதே மில்லில் பிட்டர். அவன் சாவுக்கு என் மருமகள் அனுசியா ஏசியதே காரணம் என்று என் கொழுந்தனார் பாண்டிதுரை புகார் கொடுத்துள்ளார். அது பொய். அந்தப் பிள்ளை ஜெயிலுக்குப் போகக்கூடாது என்பதற்காக வந்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன்பு காதுக்குள் யாரோ பேசுவதாகச் சொல்லி மகன் வேலைக்குப் போகாமல் கிடந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மனநல டாக்டரிடம் காட்டினேன். மாத்திரையை மகன் துப்பிவிட்டதால் டாக்டர் சொட்டு மருந்து எழுதி, அவனிடம் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்றார். நான் சொல்லவில்லை. தினமும் இரவுச் சாப்பாட்டு ரசத்தில் பத்துச் சொட்டு விட்டேன். மூன்று மாதத்தில் குரல் நின்று வேலைக்குப் போனான்.

டாக்டர் அப்போதே என்னிடம், "இந்த மருந்து மூளையில டோபமைன்னு ஒண்ணு இருக்கு, அத அடக்கும். அதான் குரல் நிக்கிது. சிலருக்கு அதோட சேந்து மாரு வீங்கும், பொம்பள மேல உள்ள ஆசையும் அடங்கிரும். கல்யாணம்னு வந்தா மகனக் கூட்டிட்டு வாங்கம்மா, வேற மருந்து மாத்திக்கிடலாம்" என்று சொன்னார். நான் கூட்டிப்போகவில்லை. ஊருக்குத் தெரிந்தால் பெண் கிடைக்காது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள், நான் ஒரே பொய்யில் முடித்தேன்.

5.9.2024 அன்று திருமணம் நடந்தது. அதன் பிறகும் மகனுக்கு நான்தான் சோறு போடுவேன். "ஒரு நாளாச்சும் அவியளுக்கு நான் போடக்கூடாதா அத்தை?" என்று அனுசியா கேட்டதற்கு, வந்த மறுமாசமே அடுப்படியைப் பிடிக்கப் பார்க்கிறாயா என்று ஏசினேன்.

அதன் பிறகு மகன் தூக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்தான். மார்பு வீங்கியிருந்ததால் வீட்டிலும் சட்டையைக் கழற்றுவதில்லை. ஒரு நாள் என்னிடம், "எனக்குள்ள என்னமோ செத்துப்போச்சும்மா" என்றான். பழைய வியாதி திரும்புகிறது என்று நினைத்து, டாக்டரைக் கேட்காமல் பதினைந்து சொட்டாக்கினேன். அவன் அழுத வாரம் இருபதாக்கினேன்.

அதன் பிறகு 16.2.2025 அன்று, இருவரும் புருஷன் பெண்டாட்டியாகச் சேரவில்லை என்பது பற்றி இரு வீட்டாரும் எங்கள் வீட்டில் கூடிப் பேசினோம். அனுசியா, "அவிய நல்லவுக. டாக்டர்ட்ட போவோம்னுதான் கேக்கேன்" என்று மட்டும் சொன்னாள். "ஏலே, நீ ஆம்பளதானா?" என்று கேட்டவர் புகார் கொடுத்த பாண்டிதுரைதான். மகன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். மருந்துப் பாட்டில் எட்டும் தூரத்தில் கடுகு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் மில்லுக்கு என்று பைக்கில் போனவனை 18.2.2025 அன்று பிளவக்கல் அணையில் இருந்து எடுத்தார்கள்.

நேற்று பதினாறாம் நாள் காரியம். அதற்கு அனுசியா வந்திருந்தாள். எல்லோரும் போன பிறகு ரசத்தை மகன் டம்ளரில் ஊற்றினேன். இருபது சொட்டும் எண்ணி விட்ட பிறகுதான், குடிக்க ஆள் இல்லை என்பது உறைத்தது. "அத்தை, அது என்னது?" என்று பின்னால் இருந்து கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்த ரசத்தைக் கொட்டினாள், டம்ளரைக் கழுவினாள், எனக்குச் சோறு போட்டாள். வேறு ரசம் ஊற்றி முன்னால் வைத்தாள். இதில் ஏதும் கலந்திருப்பாளோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குடித்தேன்.

பாட்டிலை இத்துடன் ஒப்படைக்கிறேன். பாதி மருந்து மீதி உள்ளது. எழுதியதைப் படிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே உள்ளது. இதில் நான் மறைத்தது எதுவும் இல்லை.

(ஒப்பம்) மாரிக்கனி