‘சில்லு’ ஆல்பத்தின் சத்தம் மாறிய காரணம் பற்றி

பெயர் ந. பூவரசன். வயது 34. தகப்பனார் பெயர் நல்லுசாமி. சொந்த ஊர் மருங்காபுரி. தற்போது பொன்மலைப்பட்டியில் வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு, ரயில்வே பணிமனையில் டெக்னீஷியனாக வேலை பார்த்து வருகிறேன்.

நான் ‘உச்சிவெயில்’ என்ற ராக் பேண்டில் டிரம்ஸ் வாசித்து வந்தேன். இறந்துபோன கியாசுதீன் அதில் கிட்டார் வாசித்தவர், நாங்கள் கியாஸ் என்று கூப்பிடுவோம். பாலக்கரையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தார். ரெக்கார்ட் செய்ததை ஒன்றுசேர்த்து, எந்தச் சத்தம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று மிக்ஸ் செய்வதும் அவர்தான். ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் யாழினி எங்கள் பாடகி. விபத்தன்று ஆஸ்பத்திரியில் போலீசார் என்னை விசாரித்தபோது, அவரை இடித்த வேன் பின்னோக்கி வந்த சமயம் அதன் ரிவர்ஸ் பஸ்ஸர் சத்தம் கேட்கவில்லை என்று சொன்னேன். அது பொய். அதைத் திருத்தத்தான் நானாக நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறேன். எங்கள் இரண்டாவது ஆல்பத்தைப் பற்றிச் சொல்லாமல் பஸ்ஸரைப் பற்றிச் சொல்ல முடியாது. ஐயா அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உறையூரில் ஒரு டயர் கடை மாடியில் ஏழு வருடமாக ஞாயிறுதோறும் ரிகர்சல் நடக்கும். சின்ன அறை, ஜன்னலை மெத்தை வைத்து அடைத்திருந்தோம். வேலைக்குப் போடுகிற காதடைப்பானைப் போட்டுக்கொண்டுதான் நான் வாசிப்பேன். கியாஸுக்கும் ஒரு ஜோடி கொடுத்தேன். “காதை மூடிக்கிட்டு வாசிக்கிறதுக்கு வீட்டுலயே தூங்கலாம்டா” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

2021-ல் வந்த எங்கள் முதல் ஆல்பம் ‘புழுதி’ கனமான சத்தம். கேட்டவர்களுக்குப் பிடித்திருந்தது. அதன் பிறகு 2024-ல் ‘சில்லு’ ஆல்பத்தை கியாஸ் தன் கடையின் பின்னறையில் உட்கார்ந்து நான்கு மாதம் மிக்ஸ் செய்தார். அதில் என் டிரம்ஸில் உள்ள சிம்பல் என்ற பித்தளைத் தட்டின் சத்தத்தையும், கிட்டாரின் மெல்லிய கம்பிகளின் கூர்மையான சத்தத்தையும் ஏற்றிக்கொண்டே போனார். யாழினி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “பல்லு கூசுது கியாஸ், கொஞ்சம் இறக்குங்க” என்று சொன்னார். நான் இறக்கக் கூடாது என்றேன். முதல் ஆல்பத்தில் என் சிம்பல் இருந்ததே யாருக்கும் தெரியாது. இதில் எல்லாவற்றுக்கும் மேலே என் சிம்பல்தான் கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாய்விட்டுச் சொல்கிறேன், ஆசைதான் காரணம். அதன் பிறகு ஒரு யூடியூப் பேட்டியில், “முதல் ஆல்பம் சின்னப் பசங்க பண்ணது, இதுதான் எங்க சவுண்டு” என்று நான் பேசினேன். கியாஸ் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். பழைய ரசிகர்கள் திட்டினார்கள். புதிதாகச் சிலர், இவ்வளவு துணிச்சலாக யாரும் செய்ததில்லை என்று எழுதினார்கள். யாழினி பேண்டை விட்டுப் போய்விட்டார்.

14.06.2025 சனிக்கிழமை மதியம் கியாஸ் கூப்பிட்டு, யாழினியைப் பார்க்கப் போகலாம் என்றார். இருவரும் என் பைக்கில் ஸ்ரீரங்கம் போனோம். காபி வாங்கிக் குடித்த பிறகு கியாஸ் ஒரு காது பரிசோதனைச் சீட்டை எடுத்து யாழினியிடம் கொடுத்துவிட்டுப் பிறகு என்னிடமும் கொடுத்தார். பேச்சு கேட்கும், கனமான சத்தம் கேட்கும், கூர்மையான சத்தம் இரண்டு காதிலும் அறவே கேட்காது, போனது போனதுதான் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். ஆல்பத்தை அவர் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. அவருக்குக் கேட்கிற வரைக்கும் ஏற்றியிருக்கிறார். நாங்கள் அதைப் புது பாணி என்று கொண்டாடியிருக்கிறோம். யாழினி அழுதார். கியாஸ் அழவில்லை. “யாருக்கும் சொல்லாதீங்க, சவுண்டை மாத்துனோம்னே இருக்கட்டும்” என்று கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு மாலை நாலேகால் மணி சுமாருக்கு வெளியே வந்தோம். தெருவில் தண்ணீர் கேன் இறக்கும் வேன் நின்றது. நான் பைக்கை எடுக்கப் போனேன். கியாஸ் வேனுக்கு முதுகைக் காட்டி நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார். வேன் ரிவர்ஸில் பின்னோக்கி வந்தது. பஸ்ஸர் கீக் கீக் என்று அடித்தது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. வேன் மெதுவாகத்தான் வந்தது. கியாஸ் திரும்பவே இல்லை. வேன் இடித்துக் கீழே விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒரு மணி நேரத்தில் இறந்துவிட்டார். பஸ்ஸர் அடித்தது என்று சொன்னால் அவர் ஏன் திரும்பவில்லை என்று கேட்பார்கள், காது விஷயம் வெளியே வந்துவிடும் என்றுதான் போலீசாரிடம் பொய் சொன்னேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கியாஸின் மனைவி ரிஃபானா என்னிடம், “அண்ணே, காது கேக்காத ஆளு போட்ட பாட்டுன்னு ஊரு சிரிக்கும். அவரு பேரு மட்டும்தான் மிச்சம் இருக்கு” என்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதன் பிறகு 30-ந் தேதி வேன் டிரைவர் இருதயநாதன் பணிமனை வாசலில் எனக்காகக் காத்திருந்தார். அவர் மீது வழக்கு. லைசென்ஸும் போய், வேலையும் போய்விட்டது. என்னோடு சண்டைக்கு வரவில்லை. “பஸ்ஸர் அடிச்சுச்சு சார். நீங்க பக்கத்துலதான நின்னீங்க. கேக்கலன்னு எப்படி சார் சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன். இரண்டு நாள் வேலை ஓடவில்லை. இன்று இதைச் சொன்னதும் ரிஃபானா என் முகத்தில் விழிக்க மாட்டார். ‘சில்லு’ ஆல்பத்தை இனி யாரும் அந்தப் பழைய காதோடு கேட்கப் போவதில்லை. யாருக்கும் சொல்லாதீர்கள் என்பது ஒன்றுதான் கியாஸ் என்னிடம் கடைசியாகக் கேட்டது.

யாரும் என்னிடம் கேட்காத ஒன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். பஸ்ஸர் அடித்தபோது நான் பத்தடியில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸர்தான் அடிக்கிறதே, நகர்ந்துகொள்வார் என்று நினைத்தேன். அந்தச் சீட்டைப் படித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு தடவை ‘கியாஸ்’ என்று கூப்பிட்டிருக்கலாம். என் குரல் அவருக்குக் கேட்டிருக்கும்.

நான் சொன்னபடியே எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கேட்டேன். இதில் பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்)
ந. பூவரசன்
02.07.2025, திருச்சிராப்பள்ளி